எல்லை இல்லாத கதவு

கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு வீட்டுப் படத்துக்குள் ஒரு கதவு இருந்தது. திரையில் ஒரு எண்ணை மாற்றினால் போதும், அதன் அகலமும் மாறிவிடும். இதற்குக் கீழே சுருங்கக் கூடாது என்று அதற்கு யாரும் எல்லை வைக்கவில்லை. அதில் கதவுக்கு ரொம்பப் பெருமை.

பக்கத்து ஜன்னலுக்கு எல்லை உண்டு. அதைச் சுருக்கப் பார்த்த இன்ஜினீயர் அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

"உனக்கு வளைஞ்சு கொடுக்கவே தெரியாதா?" என்று கதவு கேட்டது.

"முடியாதுன்னா முடியாதுதான்," என்றது ஜன்னல்.

அலமாரிக்கு இடம் போதவில்லை. மூன்றடிக் கதவு இரண்டரை அடியானது. பிறகு குழாய் இறங்க வழி வேண்டியிருந்தது. கதவு முகம் சுளிக்காமல் இரண்டடியானது.

அறைக்கு வெளியே வரைந்திருந்த சக்கர நாற்காலி மெல்லக் கூப்பிட்டது.

"அண்ணே, என் அகலம் இரண்டேகால் அடி. இந்த அறையே எனக்காகத்தான். நான் எப்படி உள்ளே போவேன்?"

"அவங்க போட்ட எண்ணு அது. நாளைக்கே மாத்திப் போட்டா நானும் விரிஞ்சிடுவேன். எனக்கென்ன கஷ்டம்?"

அன்று மாலையே படம் அச்சாகி மேஸ்திரி கைக்குப் போய்விட்டது.

வீடு எழும்பியது. குடிபுகுந்த அன்று, வீட்டுப் பெரியவர் சபாபதி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதை உருட்டிக்கொண்டு தன் அறைக்கு வந்தார். சக்கரம் கதவு நிலையில் இடித்து நின்றது. கதவு தன் பலத்தையெல்லாம் திரட்டி விரியப் பார்த்தது. தேக்கு அசையவில்லை.

சபாபதி யாரையும் கூப்பிடவில்லை. எட்டிக் கைப்பிடியைப் பிடித்து, கதவை மெதுவாக இழுத்துச் சாத்தினார்.