ஊறப்போட்ட அங்கி

அக்காவுக்கு ஓநாய்க் காப்பகத்தில் வேலை. தாய் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போன நான்கு குட்டிகளுக்கு அவள்தான் புட்டிப்பால் கொடுக்கிறாள். மனித முகமோ குரலோ பழகிவிட்டால் குட்டிகளைக் காட்டில் விட முடியாது, ஆயுளுக்கும் கூண்டுதான். அதனால் சாம்பல் நிற ரோம அங்கியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வாய் திறக்காமல், தவழ்ந்தே உள்ளே போவாள். போனை வீட்டில் வைத்துவிடுவாள்.

“வீட்டுல ஓயாத வாய், அங்க எப்படித்தான் மூடியிருக்கோ,” என்பாள் அம்மா.

மூன்று நாளாகக் குட்டிகள் புட்டியைத் தொடவில்லை. எடை மட்டும் கூடியது.

இன்று எட்டு மணிக்கே அக்கா வந்து அங்கியை வாளியில் ஊறப்போட்டாள். இருப்பது அந்த ஒரே அங்கிதான். பத்து மணிக்கு அவள் போன் அடித்தது. நான் எடுத்தேன். காப்பக மருத்துவர்.

“உங்க அக்கா வந்ததும் சொல்லும்மா. இன்னும் குட்டிங்களோடயே படுத்திருக்கா. கேமராவுல பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இப்படிப் பழக்கினா எப்படிக் காட்டுல விடுறது?”

“அக்கா அப்பவே வந்துட்டா சார். என் பக்கத்துலதான் நிக்கிறா.”



“குட்டிங்க அதுகிட்ட பால் குடிக்குதும்மா,” என்றார் மெதுவாக.

நான் வாளியைப் பார்த்தேன். சோப்புத்தூள் இன்னும் போடவில்லை. தண்ணீர் மெல்ல மெல்லப் பால் நிறமாகிக்கொண்டிருந்தது.