கறுப்பிக்குக் கிடையாது

"எப்படிங்க இது?"

பால்காரரின் கொட்டகையில் மாட்டு டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பால் கணக்கு நோட்டை மறுபடி பார்த்தார். எழுதியிருந்தது மாறவில்லை.

பொடி போட்ட வைக்கோல் தின்ற செவலை, ஏழு லிட்டர். வெறும் வைக்கோல் தின்ற கறுப்பி, எட்டு லிட்டர்.

போன மாசம் இரண்டும் தலா ஐந்து லிட்டர்தான் கறந்து கொண்டிருந்தன.

காய்ந்துபோன சக்கை வைக்கோல்கூட மாட்டுக்கு நன்றாகச் செரிக்க வேண்டும் என்று டாக்டரம்மா மூன்று வருஷம் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த பொடி அது. வெல்லத் தண்ணீரில் கரைத்து, வைக்கோலில் தெளித்து, ஒரு நாள் மூடி வைத்துப் போட வேண்டும். செவலைக்கு மட்டும், தினம் இரண்டு வேளை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாடு வேண்டுமே, அதனால் கறுப்பிக்குக் கிடையாது.

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்தார் பால்காரரின் மாமனார். "வைக்கோலுக்குப் போய் மருந்தா? மாடு நாலு வயித்தை வெச்சுக்கிட்டு சும்மாவா நிக்குது? அதுக்குத் தெரியாதா எப்படிச் செரிக்கணும்னு?"

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் பால்காரர்.

டாக்டரம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "நாளைக்கு ரிப்போர்ட் குடுக்கணும். இதை அப்படியே எழுதினா, பொடி இல்லாம இருந்தாதான் பால் அதிகம்னு அர்த்தம். மூணு வருஷ உழைப்பைக் குப்பையில போட்டுடுவாங்க."

மிச்சப் பொடியையாவது எடுத்துப் போகலாம் என்று டப்பாவைத் திறந்தார். அழுகை நின்றது. டப்பா காலி.

"ரெண்டரை மாசத்துக்குக் குடுத்தேன். இன்னிக்கு முப்பதாவது நாள். மிச்சம் எங்கே? யாருக்கு வித்தீங்க?"

"என்ன பேச்சு இது டாக்டரம்மா!" பால்காரர் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "எங்களைப் பார்த்தா விக்கிறவங்க மாதிரியா தெரியுது?"

பால்காரர் தலையைச் சொறிந்தார்.

"விக்கலைங்க. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கட்டியிருக்கு. செவலை நறுக்கு நறுக்குனு மெல்லுறப்ப கறுப்பி அதோட வாயையே பார்க்குதுங்க. மனசு கேக்கலை. காலைல கறந்து முடிச்சதும், அதுக்கும் ஒரு கூடை..."

"அடப்பாவி மனுஷா, நீயுமா?" என்றாள் மனைவி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீயுமான்னா?"

"மத்தியானம் நான் ஒரு கூடை வைப்பேன். பாவம், வாயில்லா ஜீவன். கிட்டப் போனா என் முந்தானையைப் பிடிச்சு இழுக்குதுங்க."

எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பார்க்கறீங்க? எனக்கும் அந்தப் பொடிக்கும் ஆகவே ஆகாது!"

யாரும் பார்வையை எடுக்கவில்லை.

"சாயங்காலம்" என்றார் மாமனார், சுவரைப் பார்த்தபடி. "ஒரே ஒரு கூடை. சின்னக் கூடை."

டாக்டரம்மா மூச்சை இழுத்துவிட்டார். இப்போது எல்லாம் புரிந்தது. செவலைக்கு இரண்டு வேளை. பொடியே கிடையாத கறுப்பிக்கு மூன்று வேளை.

"அப்ப பொடி நல்லா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?" என்றாள் பால்காரர் மனைவி ஆசையாக.

"செய்யுது! ஆனா அதை நான் எப்படி எழுதுவேன்? எல்லாரும் பாவம் பார்த்தாங்கன்னா எழுத முடியும்?" டாக்டரம்மாவின் குரல் கொட்டகைத் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. "நாளைக்கு அவகாசம் கேட்டு எழுதிக் குடுக்கறேன். புதுப் பொடி தர்றேன். முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இந்தத் தடவை கறுப்பிக்கு ஒரு பிடி கிடையாது. புரியுதா? ஆராய்ச்சின்னு வந்துட்டா மனசைக் கல்லாக்கிக்கணும். பாசத்துக்கெல்லாம் இங்க இடமே இல்லை!"

மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்று தலையாட்டினார்கள். மாமனார் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினார்.

"அது எவ்வளவு கெஞ்சிப் பார்த்தாலும்?"

"கிடையாதுங்க."

"முந்தானையை இழுத்தாலும்?"

"கிடையவே கிடையாதுங்க."

அந்த நேரம் பார்த்துக் கறுப்பி கயிற்றை இழுத்துக்கொண்டு எட்டி, டாக்டரம்மாவின் தோள்பைக்குள் மூக்கை நுழைத்தது. தேடவே இல்லை. நேராகப் பையின் ஓரத்து உள்ளறைக்குள் நாக்கை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை வெளியே இழுத்தது. பொட்டலம் பிரிந்து, வெல்ல வாசனையோடு ஒரு பிடி வைக்கோல் தரையில் கொட்டியது.

டாக்டரம்மாவின் முகம் சிவந்துபோனது. குனிந்து கறுப்பியின் காதருகே கிசுகிசுத்தார்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன், எல்லாரும் போனப்புறம்தான்னு!"