காலி வண்டி

தராசில் 1804 என்று சிவப்பாக விழுந்ததும் எழில்மதி கையெடுத்துக் கும்பிட்டாள். தராசைத்தான்.

ஆயிரத்து எண்ணூறு கிராம் வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொல்லி ஒன்பது நாளாகிறது. அந்த ஒன்பது நாளும் குட்டிப் பெண் பத்து கிராம் ஏறுவதும் ஐந்து கிராம் இறங்குவதுமாக எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தாள்.

எட்டு மாதம் நிறைவதற்குள் அவசரப்பட்டுப் பிறந்தவள். பிறந்த நாளிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுதான் அவள் வீடு. இன்றோடு முப்பத்து நான்கு நாள். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. ஃபைலில் 'பேபி ஆஃப் எழில்மதி' என்றுதான் இருந்தது.

பக்கத்துத் தாய்மார் அறையிலேயே கிடந்த எழில்மதி, இன்று விடியும் முன்பே குளித்து, மாம்பழக் கலர் புடவை கட்டிக்கொண்டு, ஃபிளாஸ்க்கையும் வாளியையும் மூட்டை கட்டிவிட்டாள். ஆட்டோவுக்கும் அவளே போன் செய்துவிட்டாள். எடை போடுவதற்கு முன்பே!

ராஜாம்பாள் சிஸ்டர் எண்ணை உரக்கச் சொல்லி நோட்டில் எழுதினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற மற்ற தாய்மார்கள் கை தட்டினார்கள்.

குழந்தையின் அப்பா தமிழ்மாறன் மட்டும் தட்டவில்லை.

அவன் குழந்தையின் தலையைப் பார்த்தான். மஞ்சள் தொப்பி. காலைப் பார்த்தான். மஞ்சள் சாக்ஸ், இரண்டு.

தமிழ்மாறனுக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் லாரி எடை மேடையில் வேலை. கான்ட்ராக்ட்தான், ஆனால் பதினோரு வருஷம். நிலக்கரி ஏற்ற வரும் லாரியை முதலில் காலியாக எடை போடுவான், பிறகு லோடோடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு.

டிரைவர்கள் லேசுப்பட்டவர்களா? காலியாக ஏறும்போது கிளீனரும் தண்ணீர் டிரம்மும் உள்ளே இருக்கும். லோடோடு வரும்போது இரண்டும் மாயமாகியிருக்கும்; அந்த எடைக்கு நிலக்கரி ஓசி. கேபினுக்குள் தலையை விட்டுப் பார்க்காமல் தமிழ்மாறன் சீட்டுக் கிழித்ததில்லை. சொந்தச் சித்தப்பா பழனிசாமியின் லாரியையே இரண்டு தடவை திருப்பி அனுப்பியவன். சித்தப்பா இன்றுவரை அவனோடு பேசுவதில்லை.

தொப்பியும் சாக்ஸும் எப்படியும் இருபது கிராம். அப்படியானால் குழந்தை 1784.

பேசாமல் போய்விடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அவன் மேடையில் இருபது கிராம் ஒரு தூசி. லாரி டயரில் ஒட்டிய சேறே அதைவிடப் பல மடங்கு.

ஆனால் இவள் லாரி இல்லையே. டாக்டர் சும்மாவா ஒரு அளவு வைத்திருப்பார்? குறிஞ்சிப்பாடியில் அவர்கள் வீட்டில் மானிட்டர் கிடையாது. ராஜாம்பாள் சிஸ்டர் கிடையாது. இந்த இருபது கிராம் பற்றாமல் அங்கே போய் ஏதாவது ஆகிவிட்டால்? அவனுக்குப் பயமாக இருந்தது.

அதற்குள் எழில்மதி குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள்.

"என்னங்க, ஆட்டோ நிக்குது. வாங்க."

அவன் நகரவில்லை.

பிறந்த அன்று இதே தராசுக்கு அவன்தான் குழந்தையைத் தூக்கிவந்தான். அன்று என்ன பேசினான், யாரிடம் பேசினான், ஒன்றும் ஞாபகமில்லை. கண்ணாடிக் கதவு மூடியது மட்டும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அப்பாக்கள் வெளியேதான்; வீட்டுக்குப் போகும் நாள் என்று இன்றுதான் அவனை உள்ளே விட்டிருந்தார்கள். எடை என்பது தினமும் காலையில் எழில்மதி போனில் சொல்லும் ஒரு எண். ராஜாம்பாள் சிஸ்டர் தன்னைக் கண்டால் மட்டும் ஏன் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார் என்று அவன் பல நாள் யோசித்ததுண்டு.

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சிஸ்டர், தொப்பியும் சாக்ஸும் சேத்துப் போட்டுட்டீங்க. அதைக் கழிச்சா பாப்பா ஆயிரத்து எட்நூறு வராதுங்க."

எழில்மதி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குச் சித்தப்பா எவ்வளவோ தேவலை. அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் குழந்தையைத் தராசுப் பக்கம் திரும்பக் கொண்டுவந்தாள். அவளுக்கும் அதே பயம்தான்.

ராஜாம்பாள் சிஸ்டர் சிரித்தார். முப்பத்து நான்கு நாள் அடக்கி வைத்ததெல்லாம் மொத்தமாக வந்துவிட்டதில் மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"மொத நாளு தொப்பியோட போட்டுட்டேன்னு எங்கிட்ட என்னா சண்டை போட்டீங்க! மறந்துட்டீங்களா? அன்னியிலேருந்து இங்க இருக்குற அத்தினி புள்ளைங்களுக்கும் நீங்க சொன்ன மாதிரிதாங்க போடுறோம். ஆயிரத்து எட்நூத்தி நாலும் புள்ளைதான். தூக்கிக்கினு கெளம்புங்க."

சொல்லிவிட்டு, தராசுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டினார். உள்ளே, வார்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கும் அதே மஞ்சள் தொப்பி ஒன்று, அதே மஞ்சள் சாக்ஸ் ஒரு ஜோடி. தினமும் இவற்றைத் தராசில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, எடுத்துவிட்டுத்தான் குழந்தைகளை ஏற்றுவார்களாம்.

கவரின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் பேனாவால் எழுதியிருந்தது: காலி வண்டி.