லாக் பொய் சொல்லாது

"லாக் பொய் சொல்லாது மேடம். நீங்களே படிச்சுப் பாருங்க" என்று மேலாளர் திரையை முதலாளியம்மாவின் பக்கம் திருப்பினார்.

வாடிக்கையாளர் விவரம் மொத்தத்தையும் சர்வரிலிருந்து அழித்தது யார் என்று அதில் பளிச்சென்று எழுதியிருந்தது. சர்வரைப் பார்த்துக்கொள்பவளின் பெயர்தான்.

எதிரே நின்றிருந்த அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சர்வரைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறாள். அவள் மேலேயே பழியா?

"சார், யார் என்ன செஞ்சாங்கன்னு மெஷின் எழுதி வைக்கிறதுதான் லாக். அதையும் அதே மெஷின்லதான் வச்சிருக்கோம். எல்லாத்தையும் திறக்குற ரூட் பாஸ்வேர்டு தெரிஞ்ச யார் வேணா மாத்தலாம். லாகைத் தனி மெஷினுக்கு அனுப்பிடுவோம்னு உங்ககிட்ட எத்தனை தடவை தலைபாடா அடிச்சுக்கிட்டேன்? காதுல வாங்குனீங்களா?"

"மாட்டிக்கிட்டதும் மெஷின் மேல பழியைப் போடுறியா? லாக்ல யாரும் கை வைக்க முடியாதும்மா. ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு மரியாதையா கிளம்பு. இல்லேன்னா போலீஸ்தான்."

"செய்யாத தப்புக்கு நான் ஏன் சார் கிளம்பணும்? இந்தப் பேரோட வெளியே போனா எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

"வாய் மட்டும் குறையலை. இரு, பேப்பரை நானே கொண்டு வர்றேன்" என்று அவர் விறுவிறுவென்று வெளியே போனார். அவ்வளவு அவசரம் மனிதருக்கு!

கதவு மூடியதும் முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"சும்மா கத்தாதேம்மா. மாத்த முடியும்னா என் கண்ணு முன்னால மாத்திக் காட்டு. முடியலேன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடு."

"யார் பேரைப் போடட்டும் மேடம்?"

"யார் பேரையாவது போடேன்."

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஆத்திரத்தில் முதலில் விரலுக்கு வந்த பெயரையே அடித்தாள். அந்த வரியில் அவள் பெயர் இருந்த இடத்தில் இப்போது மேலாளரின் பெயர் உட்கார்ந்திருந்தது. முன்பு வேறு பெயர் இருந்த சுவடே இல்லை.

"அடப்பாவமே, இவ்வளவு சுலபமா!" என்று முதலாளியம்மா வாயைப் பிளந்தார்.

"இதைத்தான் மேடம் நான் தொண்டை கிழியச் சொல்லிட்டு இருக்கேன்."

அவள் பேசி முடிப்பதற்குள் மேலாளர் வெள்ளைத் தாளும் பேனாவுமாக உள்ளே நுழைந்தார். தாளை மேசை மேல் வைத்தவரின் பார்வை திரையில் விழுந்தது. முகம் வெளிறிப் போனது.

"அதெப்படி?" என்று குழறினார். "என் பேரை எடுத்துட்டு உன் பேரைத்தானே போட்டேன்... மறுபடியும் எப்படி வந்துச்சு?"