பெருவிரல் அரிப்பு

பூலுடையார் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கழிவை நான் எரிக்கும் எரியுலைக்கே வந்துவிட்டார். முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் அவருடைய வலது காலை முழங்காலோடு எடுத்திருந்தார்கள். ஆள் இருப்புக்கொள்ளாமல் நெளிந்தார்.

“அண்ணாச்சி, எடுத்த காலுல பெருவிரல் அரிக்கி. அரிப்போட எரிச்சிட்டியள்னா, சாவுற வரைக்கும் நான் எதைச் சொறியிறது?”

நியாயம்தானே. வெட்டியெடுத்த உறுப்பைப் போட்டுக் கட்டிய மஞ்சள் பையைப் பிரிக்கக் கூடாது என்பது சட்டம். மேலாகச் சொறியக் கூடாது என்று சட்டம் இல்லை. உலைக்கு முன்னால் கிடந்த பையைச் சாம்பல் கிளறும் கம்பியால் சொறிந்தேன்.

“இப்ப?”

“ஒண்ணும் தெரியலயே.”

அழுத்திச் சொறிந்தேன். மாடியில், பெண்கள் வார்டில் ஒரு சிரிப்புச் சத்தம். கால் எடுத்ததிலிருந்து வாயே திறக்காமல் கிடந்த ஜெபக்கனி டீச்சர்தான். “ஐயோ, எவம்ல அது? கூசுது, விடுல!”

பூலுடையார் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப என் காலு?”

காலையில் உலையில் போட்ட பை யாருடையது என்பது எனக்கும் அப்போதுதான் விளங்கியது. உலையைக் கை காட்டினேன்.

“எரிஞ்சே போச்சா? பொறவு ஏன் இன்னும் அரிக்கி?”

உலையின் அடிக்கதவைத் திறந்து, ஆறாத சாம்பலுக்குள் கம்பியை விட்டு மெல்லக் கிளறினேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“கொஞ்சம் இடது பக்கம், அண்ணாச்சி.”