மணி அடிக்கும் வரை

நகரத்துப் புத்த விகாரையில் ஞாயிற்றுக்கிழமைத் தியானம் நடந்துகொண்டிருந்தது. பசியோடு வந்த கொசு ஒருத்தி, கண்மூடி உட்கார்ந்திருந்த பெரியவரின் மணிக்கட்டில் இறங்கிக் குடிக்க ஆரம்பித்தாள். அவர் அசையவே இல்லை.

“அடியே, போதும், வந்துடு!” என்று ஜன்னலிலிருந்து தோழிக் கொசு கூப்பிட்டாள்.

“எதுக்கு? எல்லா உயிரும் நல்லா இருக்கட்டும்னு இவர் முணுமுணுக்கிறது கேக்கலையா? அதுல நானும் உண்டுதானே!”

“உண்டுதான். போன ஞாயிறு இவர்கிட்ட வந்த எங்க அக்காவும்தான் உண்டு. ஆனா மணி அடிக்கிற வரைக்கும்தான்.”

கொசு சிரித்தாள். இத்தனை சாந்தமான முகத்தை அவள் எந்த வீட்டிலும் கண்டதில்லை. இன்னும் ஒரே ஒரு வாய் என்று குனிந்தாள்.

மணி அடித்தது. பெரியவர் கண் திறந்தார். நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மணிக்கட்டைப் பார்த்தார். முகத்தில் அந்தச் சாந்தம் கொஞ்சமும் குறையாமல், மற்றக் கையை ஓங்கினார்.