எதிர்ப்பக்கம் மடித்த இலை

பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவிட்டால் இலைகளும் சொந்தம்தான். முதல் இலையில் கல்யாணப் பெண்ணின் பெரியப்பா சாப்பிட்டார். இரண்டாவது இலையில், மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் வெளிநாட்டுக்காரர் சாப்பிட்டார். ஓடிய பாயசத்தை அவர் விரலால் துரத்தித் துரத்திப் பிடித்ததில், அந்த இலைக்கு அவர்மேல் உயிர்.

சாப்பிட்டு முடித்தவர், இலையின் கீழ்ப்பாதியைத் தூக்கி எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டுக் கை கழுவப் போனார்.

"அடியாத்தி, சாவு வீட்டுல மடிக்கிற மாதிரி மடிச்சுட்டுப் போயிட்டாரே" என்றது முதல் இலை. "கல்யாணத்துல தன் பக்கமாத்தானே மடிப்பாங்க, உறவு தொடரணும்னு. பொண்ணைப் பெத்தவர் பார்த்தா மனசு என்ன பாடுபடும்?"

"அவருக்குத் தெரியாதுக்கா. யாரும் அவரை ஒண்ணும் சொல்லிடக் கூடாது" என்றது இரண்டாவது இலை.

அடுத்த பந்திக்கு ஆட்கள் இடம்பிடிக்க வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பெண்ணின் அப்பா வந்துவிட்டார். இலையைப் பார்த்தார். பட்டு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்து, அந்த எச்சில் இலையைத் தன் கையாலேயே பிரித்து, சரியான பக்கமாக மடித்து வைத்தார்.



வெளிநாட்டுக்காரர் திரும்பி வந்தார். பெண்ணின் அப்பாவின் விரல்களில் பாயசம் ஒட்டியிருந்ததைப் பார்த்துச் சிரித்தார். "நீங்களும் சாப்பிட்டாச்சா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"ஆச்சு, ஆச்சு. திருப்தியா சாப்பிட்டேன்" என்றார், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத அந்த மனிதர்.